கூலிக்கு ஒரு வழிகாட்டி வேண்டுமா?

(வாசிகசாலை ஒன்றின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று பேசுதற்கு எமக்குத் தரப்பட்ட பொருள் சிறியது போலத் தோன்றும். 'கரியர் கோச்' என்னும் பெயரோடு ஒருவகைத் தொழிலாளர் உலகெங்கும் பெருகியிருக்கின்றனர். உத்தியோகம் தேடுவோர்க்கும், பார்க்கும் உத்தியோகத்தில் உயர விரும்புவோர்க்கும், அதனை விட்டு வேறொன்றுக்குப் போக எண்ணுவோர்க்கும் கட்டணம் பெற்று வழி சொல்பவர் இவர். அவருக்குப் பணம் கொடுப்பது தகுமா, தகாதா என்பதே கேள்வி. இதற்கு ஒரு கூட்டமா என்று பின்வரிசையில் எவரேனும் எண்ணக்கூடும். அக்கட்டணத்துக்காக ஒரு தாய் தன் காப்பைக் கழற்றி அடைவு வைக்கும் நிலை வருமானால், அது சிறிய பொருளாக இருக்க முடியாது. ஆகவே சற்று விரிவாகவே பேச விரும்புகின்றோம்.

வழிகாட்டி என்பவர் நமக்குப் புதியவரல்லர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவுக்குக் கப்பலேறிய காலத்தை நினைத்துப் பாருங்கள். ரயில்வேயிலும் பொதுவேலைப் பகுதியிலும் லிகிதர் உத்தியோகம் காலியாயிருக்கின்றது என்று முன்னே போன மாமனோ, ஒன்றுவிட்ட அண்ணனோ கடிதம் எழுதினான். கோலாலம்பூரில் இறங்கியவனுக்குப் படுக்க இடம் கொடுத்தான். எந்தத் துரையிடம், எந்த வேளையில், எப்படி எழுதிய விண்ணப்பத்தை நீட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். அதற்குக் கட்டணம் இல்லை. ஆயினும் அவன் சொல் பொய்த்தால் ஊரிலே அவன் வீட்டார் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அந்த வெட்கமே அவனுக்கு உரிமப் பத்திரமாக இருந்தது. இலங்கை அரசாங்க லிகிதர் சேவைக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்த பள்ளிக்கூட ஆசிரியரும் இவ்வகையினரே. எந்தப் பரீட்சை, எந்த மாதம், எந்தப் பாடத்தில் எத்தனை புள்ளி என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் வந்தது. சிங்களம் மாத்திரமே அரசகரும மொழி என்றாயிற்று. அத்தோடு அப்பாதை குறுகத் தொடங்கியது. மாணவனின் திறமை முன்போலவே இருந்தது. வழி சொன்ன ஆசிரியரின் அக்கறையும் குறையவில்லை. பாதை அடைபட்டமையால் வழி சொன்னவரின் அறிவுக்குப் பயனில்லாமற் போயிற்று. இதனை மனத்தில் இருத்திக் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். வழிகாட்டியின் பெறுமதி பாதையின் நிலையைப் பொறுத்தது. பாதையே இல்லாத இடத்தில் எவ்வளவு கெட்டிக்காரரான வழிகாட்டியும் ஒரு பேச்சாளர் மாத்திரமே.

இத்தொழிலின் பிறப்பைச் சிறிது கூறுவோம். அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரில் 1908 ஆம் ஆண்டு பிராங் பார்சன்ஸ் என்பவர் தொழில் ஆலோசனைக் காரியாலயம் ஒன்றைத் தொடங்கினார். குடியேறிகளும் ஏழைத் தொழிலாளரும் நெருக்கமாக வாழ்ந்த பகுதியில் அது இயங்கியது. செலவைச் செல்வந்தப் பெண்மணி ஒருவர் ஏற்றுக் கொண்டார். ஆலோசனை கேட்டு வந்த இளைஞர் பணம் கொடுக்கவில்லை. பார்சன்ஸ் அதே ஆண்டில் இறந்து போனார். அவருடைய நூல் 1909 இல் வெளிவந்தது. அதன் சாரம் மிக எளியது. முதலில் உன்னை நீ அறிந்துகொள். பின்பு தொழில்களின் தன்மையையும் அவை கேட்கும் தகுதிகளையும் அறிந்துகொள். அதன்பின் இரண்டையும் நேர்மையாகப் பொருத்திப் பார். இதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ நூல்களும் சோதனைத் தாள்களும் தோன்றியுள்ளன. எனினும் இன்றைய கோச் ஒருவர் வர்ண வர்ணமான படங்களோடு விற்பதில் பெரும்பகுதி பார்சன்ஸ் இலவசமாகக் கொடுத்த அந்த மூன்று படிகள்தாம்.

ஏழைக்கு இலவசமாகத் தொடங்கிய பணி பிற்காலத்தில் வியாபாரமாகவும் வளர்ந்தது. வியாபாரம் என்பதனால் அதனை நாம் இழிவாகக் கூறவில்லை. வைத்தியரும் வழக்கறிஞரும் கட்டணம் பெறுவோரே. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இந்நாட்டில் வைத்தியர் மருத்துவச் சபையில் பதியப்பட வேண்டும். வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணஞ் செய்ய வேண்டும். கோச் என்று பெயர்ப்பலகை தொங்கவிடுவதற்கு எந்த உரிமமும் வேண்டியதில்லை. நேற்றுவரை வேறு தொழில் பார்த்தவர் இன்று காலை தொடங்கலாம்.

'சர்வதேசச் சான்றிதழ் பெற்றவர்' என்று சிலர் தம்மை அறிமுகஞ் செய்வர். அதுவும் யாதென்று பார்ப்போம். 1995 இல் அமெரிக்காவில் தோன்றிய சர்வதேசக் கோச்சிங் சம்மேளனம் மூன்று படிகளில் சான்றிதழ் வழங்குகின்றது. முதற் படிக்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். இரண்டாம் படிக்கு 125 மணியும் 500 மணியும். மூன்றாம் படிக்கு 200 மணியும் 2500 மணியும். பரீட்சையும் உண்டு. இது வெறுமையன்று, சான்றிதழே இல்லாதவரிலும் பார்க்க இவர் சிறிதேனும் ஒழுங்குபட்டவர் என்று கொள்ளலாம். ஆனால் அம்மணிக்கணக்கு எதனை அளக்கின்றது? அவர் எத்தனை மணி நேரம் மற்றவரோடு உரையாடினார் என்பதை அளக்கின்றது. உரையாடியவர்களில் எத்தனை பேருக்கு உத்தியோகம் கிடைத்தது என்பதை அளப்பதில்லை. நம் ஊரின் டியூட்டறிகளிலே சென்ற வருடப் பெறுபேற்றைச் சுவரில் ஒட்டாத வாத்தியாரிடம் எவரும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை. அந்த விழிப்பை இங்கே மாத்திரம் ஏன் கைவிட வேண்டும்?

சரி, நல்ல கோச் ஒருவர் உண்மையாகவே என்ன செய்கின்றார்? சுயவிபரக் கோவையைச் செப்பஞ் செய்கின்றார். நேர்முகப் பரீட்சையை ஒத்திகை பார்க்கின்றார். சம்பளம் பேசும்போது எந்த இடத்தில் வாய் திறக்க வேண்டும், எந்த இடத்தில் மௌனம் காக்க வேண்டும் என்று சொல்கின்றார். அடுத்த வாரத்துக்குள் பத்து விண்ணப்பம் எழுது என்று கட்டளையிட்டு, எழுதினாயா என்று கேட்கின்றார். கடைசியாகச் சொன்னது அற்பமெனத் தோன்றும். ஆனால் வேலையில்லாமல் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பதன் பலம் என்னவென்று. வீட்டார் கேட்டால் அது குத்தலாகப் படும். அயலார் கேட்டால் கேலியாகப் படும். கணக்குக் கேட்கும் அந்நியர் ஒருவர் அவ்விடத்தில் மருந்து.

அவர் செய்யமாட்டாததும் உண்டு. இல்லாத தகைமையை அவர் உண்டாக்கமாட்டார். தமக்குத் தெரியாத துறையின் உள்வழிகளைச் சொல்லமாட்டார். கட்டடத் தொழிலின் உள்வாசல் கட்டடக் கொந்தராத்துக்காரருக்குத் தெரியும். தாதிமார் தொழிலின் வாசல் தாதிக்குத் தெரியும். எல்லாத் துறைக்கும் ஒருவரே வழி சொல்வாராயின், அவர் எந்தத் துறைக்கும் உரியவரல்லர் என்றே ஐயுற வேண்டும். பலர் கட்டணத்தோடு சேர்த்து ஆளுமைச் சோதனைத் தாள் ஒன்றையும் விற்கின்றனர். ஜோன் ஹோலண்ட் என்னும் உளவியலாளர் தொழில் நாட்டங்களை ஆறு வகையாகப் பிரித்தார். அவ்வகுப்பின் அடிப்படையில் அமைந்த வினாத்தாளை அமெரிக்கத் தொழிற் திணைக்களம் 'ஓநெற்' என்னும் தனது இணையத்தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றது. கைத்தொலைபேசி உள்ளவர் எவரும் அரை மணி நேரத்தில் நிரப்பிப் பார்க்கலாம். ஆங்கிலம் விளங்காத தம்பிக்குப் பக்கத்து வீட்டு அக்கா வாசித்துச் சொல்லலாம். அதற்கும் காசு கேட்பவரிடம் நாம் ஏன் போக வேண்டும்?

உத்தியோகம் எவ்வழியாகக் கிடைக்கின்றது என்பது பற்றிய ஆராய்ச்சி ஒன்றை இவ்விடத்தில் கூற விரும்புகின்றோம். மார்க் கிரனோவெற்றர் என்னும் சமூகவியலாளர், பொஸ்ரனுக்கு அண்மையிலுள்ள நியூட்டன் என்னும் ஊரில் புதிதாக உத்தியோகம் மாறியவர்களை விசாரித்தார். அரைவாசிக்கு மேற்பட்டோர் தமக்கு அறிமுகமானவர் மூலமே இடம் பெற்றிருந்தனர். இது நாம் எதிர்பார்ப்பதே. ஆச்சரியம் அதற்கு அடுத்தபடி வந்தது. அவ்வாறு இடம் பெற்றவர்களை நூறு பேராகக் கொண்டால், அடிக்கடி சந்திக்கும் நெருங்கியவர் மூலம் பெற்றவர் ஏறக்குறைய 17 பேரே. இடையிடையே சந்திப்பவர் மூலம் பெற்றவர் 56 பேர் வரை. அரிதாகச் சந்திப்பவர் மூலம் பெற்றவர் 28 பேர் வரை. 1973 இல் இதனை அவர் வெளியிட்டார். காரணம் விளங்கக் கடினமில்லை: நம்மோடு ஒரே வீட்டில் உண்பவருக்குத் தெரிந்த செய்தி நமக்கும் தெரியும், தூரத்தவருக்கே நமக்குத் தெரியாத செய்தி தெரியும். 2022 இல் இரண்டு கோடிப் பேரின் இணையத் தொடர்புகளை வைத்துச் செய்த ஆய்வும் பெரும்பாலும் இதே பக்கமாகவே சாய்ந்தது. மலாயாவிலிருந்து கடிதம் எழுதிய ஒன்றுவிட்ட அண்ணன் இந்தத் தூரத்து அறிமுகந்தான் அன்றோ?

இன்று நம்மவர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் இருக்கின்றனர். கொழும்பிலே கொம்பனிகளில் இருக்கின்றனர். கோயில் திருவிழாவுக்கு அவர்களிடம் கூச்சமின்றிப் பணம் கேட்கின்றோம். 'அண்ணை, நீங்கள் பார்க்கும் தொழில் எப்படிப்பட்டது? அதற்கு நான் என்ன படிக்க வேண்டும்?' என்று கேட்டு ஒரு செய்தி அனுப்புவதற்கு மாத்திரம் வெட்கப்படுகின்றோம்! அந்த வெட்கத்தைப் போக்குவதற்கே ஒரு கோச்சுக்குப் பணம் கொடுப்போமாயின் அது விலை கூடிய வெட்கம்.

இனி, இவ்வுரையில் மிக முக்கியமெனக் கருதும் பகுதிக்கு வருகின்றோம். பிரான்ஸ் நாட்டில் படித்தும் வேலையின்றி ஆறு மாதத்துக்கு மேல் இருந்த இளைஞர்களுக்கு, அரசாங்கம் தனியார் நிறுவனங்களைக் கொண்டு இவ்வகை வழிகாட்டலை வழங்கியது. நிறுவனத்துக்கான கட்டணம் ஒரே தடவையில் கொடுக்கப்படவில்லை. இளைஞன் சேர்ந்தபோது ஒரு பங்கு. அவனுக்கு நிலையான வேலை கிடைத்தபோது ஒரு பங்கு. ஆறு மாதம் அவன் நிலைத்திருந்தபோது எஞ்சிய பங்கு. இதன் பயனைப் பொருளியலாளர் குழுவொன்று 235 பிரதேசங்களில் சோதித்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டியூப்லோவும் அதில் ஒருவர். முடிவு 2013 இல் வெளிவந்தது. எட்டு மாதத்தின் பின் பார்த்தால், வழிகாட்டல் பெற்றவர் நிலையான வேலையில் இருக்கும் வாய்ப்பு மற்றவரைவிடக் கூடியிருந்தது. ஆக, வழிகாட்டலுக்குப் பயன் உண்டு. இதனை மறைக்காமற் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பயன் நெடுநாள் நிலைக்கவில்லை. மேலும், அதில் ஒரு பங்கு வழிகாட்டல் பெறாத மற்ற இளைஞரின் இழப்பிலிருந்தே வந்திருந்தது. வேலைகள் அரிதாயிருந்த காலத்திலும் பிரதேசத்திலும் இவ்விழப்பு கூடுதலாகக் காணப்பட்டது.

இதன் பொருளைச் சிந்தியுங்கள். ஓர் அலுவலகத்தில் ஒரு கதிரை காலியாக இருக்கின்றது. நாற்பது பேர் வெளியே நிற்கின்றனர். கோச்சிடம் போனவன் முப்பதாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு வரலாம். கதிரை ஒன்றேதான். நாற்பது பேரும் கோச்சிடம் போனால்? நாற்பது வீட்டுக் காப்புகளும் அடைவுக்குப் போகும். கதிரை ஒன்றாகவே இருக்கும். 2020 ஆம் ஆண்டில் அரசாங்கம் ஏறக்குறைய 50,000 பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்தது. ஐம்பதாயிரம் பட்டதாரிகள் அவ்வாறு காத்திருந்தமைக்குக் காரணம் அவர்களுக்கு நேர்முகப் பரீட்சையில் பேசத் தெரியாமை என்று எவராவது சொல்வாராயின், அவரை நாம் நம்பத் தயாராயில்லை. 2022 இல் நாடு பொருளாதாரத்தில் வீழ்ந்தபோது, தொழில் தேடி மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவு செய்து வெளிநாடு சென்றனர். அவர்களையும் 'தன்னம்பிக்கை குறைந்தவர்' என்று கூற முடியுமா? வேலையின்மை என்னும் பொதுத் துன்பத்தைத் தனி ஒருவனின் குறையாக மாற்றி, அக்குறைக்கு மருந்து விற்பது இவ்வியாபாரத்தின் மோசமான பக்கம். 'உன் மனநிலையை மாற்று, வேலை வரும்' என்று முதல் நாளே சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அப்படியாயின் எவருக்கும் கோச் வேண்டாமா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. பாதை திறந்திருந்தும் நடக்கத் தெரியாதவருக்குப் பயன் உண்டு. பதினைந்து ஆண்டு ஒரே கொம்பனியில் கணக்காளராயிருந்து, அது மூடப்பட்டமையால் வெளியே வந்த ஒருவரை எடுத்துக் கொள்வோம். தகைமையும் அனுபவமும் உண்டு. கடைசியாக அவர் நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது விண்ணப்பங்கள் தபாலில் போயின. இப்போது கணினி வழியாகப் போகின்றன. இவருக்கு மூன்று நான்கு அமர்வுகள் பெரும் உதவியாகும். பிள்ளை வளர்ப்புக்காகச் சில ஆண்டு வேலையை விட்டு நின்ற ஆசிரியைக்கும் அவ்வாறே. உயர்பதவிக்கு அழைப்பு வந்து, சம்பளத்தைப் பேசி முடிக்கும் கட்டத்தில் நிற்பவருக்கு ஒரு மணி நேர ஆலோசனைகூடக் கட்டணத்தைத் திருப்பித் தரலாம். ஆனால் உயர்தரப் பரீட்சை எழுதி இரண்டு மாதமான பிள்ளைக்கு? அப்பிள்ளைக்கு வேண்டியது கோச் அன்று, தகைமை.

கணக்கைப் பணத்திலும் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்கு மாத்திரம். பன்னிரண்டு அமர்வுக்குக் கட்டணம் 90,000 ரூபா என்க. வேலையில்லாத ஒருவன் எதிர்பார்க்கும் சம்பளம் மாதம் 60,000 ரூபா. கோச் அவனுக்கு ஒரு மாதம் முன்னதாக வேலை எடுத்துக் கொடுத்தால் மிச்சம் 60,000. நட்டம் 30,000, அதற்கு மேல் அடைவு வட்டி. இரண்டு மாதம் முந்தினால் இலாபம் 30,000. வட்டி கழித்தால் அதிலும் குறைவு. எத்தனை மாதம் முந்தும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. இதையே மாதம் இரண்டு இலட்சம் பெறும் பதவிக்குப் போட்டால் கணக்கு வேறு. ஆகவே இச்சேவை ஏற்கனவே உள்ளவனுக்கே மலிவு, இல்லாதவனுக்கு விலை அதிகம். கடன்பட்டு இதனை வாங்குவது தகாது என்பதே எமது துணிபு. கையிலே மிச்சப் பணம் இருந்தால் முழுப் பொதியை வாங்காமல் ஓர் அமர்வு வாங்கிப் பார்க்கட்டும். ஓர் அமர்வை விற்க மறுப்பவர் தம் சரக்கில் தாமே நம்பிக்கை இல்லாதவர்.

பணம் கொடுக்குமுன் போக வேண்டிய இடங்கள் சில உண்டு. பல்கலைக்கழக மாணவருக்கு அங்கேயே தொழில் வழிகாட்டல் அலகு இருக்கின்றது; கட்டணமில்லை; எத்தனை மாணவர் அதன் வாசலை மிதித்திருக்கின்றனர் என்று அவர்களையே கேளுங்கள். பிரதேச செயலகங்களில் மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் உள்ளனர். சிலரிடம் நல்ல ஆலோசனை கிடைக்கும். சிலரிடம் ஒரு படிவம் கிடைக்கும். எதற்கும் போய்ப் பார்ப்பதில் பஸ் கட்டணமே செலவு. தேசிய தொழிற்றகைமை என்னும் ஏழு மட்டச் சான்றிதழ் முறை இந்நாட்டில் உண்டு. அதன் சிறப்பு யாதெனில், பத்து ஆண்டு மேசன் வேலையோ மின்னிணைப்பு வேலையோ செய்தும் கடதாசி ஒன்றும் இல்லாதவர், புதிதாக வகுப்புக்குப் போகாமலே முன்னனுபவத்தைப் பரீட்சித்துச் சான்றிதழ் பெறலாம். கைத்தொழிலாளிக்குக் கோச்சின் பன்னிரண்டு அமர்விலும் அந்த ஒரு கடதாசி உதவும்.

இவ்வளவுக்குப் பின்னும் கோச்சிடம் போக முடிவு செய்வோர், கேட்கக் கூச்சப்படாமல் சிலவற்றைக் கேட்க வேண்டும். நான் போக விரும்பும் துறையில் நீங்கள் வேலை பார்த்ததுண்டா? ஆட்களை வேலைக்கு எடுத்ததுண்டா? சென்ற வருடம் உங்களிடம் வந்த மூவரோடு நான் பேசலாமா? நான் வேண்டுவது விண்ணப்பத்துக்கு உதவியா, முடிவெடுக்க உதவியா, இரண்டில் எது உங்கள் கைவேலை? இடையில் நிறுத்தினால் மிகுதிப் பணம் திரும்புமா? இக்கேள்விகளுக்குச் சினப்படுபவர் நல்ல பதில் இல்லாதவர்.

வெளிநாட்டு வேலை வாங்கித் தருவேன் என்று ஒருவர் சொன்ன மறுகணமே அவர் கோச் அல்லர், முகவர். முகவருக்குச் சட்டம் உண்டு. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் அவருக்கு வேண்டும். உரிம இலக்கத்தைக் கேட்டுப் பணியகத்தில் விசாரித்தபின்னரே கடவுச்சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும். கோச் என்ற புதுப் பெயரின் மறைவில் பழைய தரகர் நிற்கலாம். நம் தாய்மார் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும், நகை உங்களுடையது.

ஒன்று கேட்டு இவ்வுரையை நிறுத்துகின்றோம். இவ்வாசிகசாலையில் பழைய பத்திரிகை அடுக்கும் அலுமாரிக்கு அருகே ஒரு மேசை சும்மா கிடக்கின்றது. இவ்வூரிலிருந்து சென்று தாதியாய், கணக்காளராய், கப்பல் இயந்திரத் தொழிலாளராய், வங்கி உத்தியோகத்தராய், கணினித் தொழிலாளராய் இருப்பவர்களின் பெயரையும், அவர்கள் எந்த நாளில் தொலைபேசியில் பேச ஒத்துக்கொள்வர் என்பதையும் எழுதி ஒரு கொப்பி அம்மேசையில் வைக்கப்பட வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு, நேர்முகப் பரீட்சை நடத்திப் பழகிய ஓய்வுபெற்ற அதிபரோ மனேச்சரோ இரண்டு மணி நேரம் அங்கே இருந்து, வருகின்ற பிள்ளைகளின் விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டும். செயலாளர் கொப்பி வாங்கி விட்டார் என்று இப்போதுதான் அறிந்தோம். கூட்டம் முடிந்து போகுமுன், வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள பெற்றோர் அவர்களுடைய தொழிலையும் தொலைபேசி இலக்கத்தையும் அவரிடம் சொல்லிச் செல்க. பிள்ளைகளிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.